மிகேல் புரோ: விசாரணை இல்லாமல் நிறைவேற்றப்பட்ட ஒரு மரண தண்டனை

இந்த வழக்குக்கு எண் கிடையாது. குற்றப்பத்திரிகை கிடையாது, நீதிபதி கிடையாது, சாட்சிக் கூண்டில் ஏறியவர் ஒருவரும் கிடையாது. 1927 நவம்பர் 23ஆம் தேதி காலை, மெக்சிகோ நகரப் போலீஸ் தலைமையகத்தின் முற்றத்தில் ஒரு கத்தோலிக்கக் குருவும், அவருடைய தம்பியும், வேறு இருவரும் ஒருவர்பின் ஒருவராகச் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். குருவின் பெயர் மிகேல் அகுஸ்தின் புரோ. இயேசு சபைத் துறவி. அப்போது அவருக்கு வயது 36. குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டு இரண்டு ஆண்டுகளும் மூன்று மாதங்களும்கூட முழுதாக ஆகவில்லை.

திருச்சபை அவரை மறைசாட்சியாக, அதாவது விசுவாசத்துக்காக உயிர்விட்டவராக ஏற்று, 1988இல் புனிதர் நிலைக்கு முந்தைய படியான அருளாளர் நிலைக்கு உயர்த்தியது. பக்தி நூல்கள் அவர் வாழ்க்கையை அந்த இறுதிக் காலையை நோக்கியே சொல்லிக்கொண்டு போகும். நான் இதை ஒரு வழக்காகவே பார்க்க விரும்புகிறேன். அவர்மீது சொல்லப்பட்ட குற்றம் என்ன, அதற்கு என்ன ஆதாரம் இருந்தது, முடிவை எடுத்தது யார் என்று கேட்டுப் பார்த்தால், அந்த மனிதர்மீது உள்ள மரியாதை குறைவதில்லை. எனக்குக் கூடவே செய்தது.

ஒரு சட்டத்தின் கதை

முதலில் சட்டம். 1917இல் கெரெத்தாரோ நகரில் இயற்றப்பட்ட மெக்சிகோ அரசியலமைப்பு, திருச்சபையைக் கட்டுப்படுத்தும் ஐந்து பிரிவுகளைக் கொண்டிருந்தது. மூன்றாம் பிரிவு பள்ளிக் கல்வியிலிருந்து சமயத்தை விலக்கியது. ஐந்தாம் பிரிவு துறவற வார்த்தைப்பாட்டையே தடை செய்தது. 24ஆம் பிரிவின்படி வழிபாடு கோயில் சுவருக்குள் மட்டுமே நடக்கலாம். 27ஆம் பிரிவின்படி கோயில்களே அரசின் சொத்து. 130ஆம் பிரிவு எல்லாவற்றிலும் கடுமையானது: திருச்சபைக்குச் சட்டத்தின் முன் உருவமே இல்லை; குருக்களுக்கு வாக்குரிமை இல்லை; அரசின் சட்டங்களை விமர்சிக்கும் உரிமையும் இல்லை; ஒரு மாநிலத்தில் எத்தனை குருக்கள் இருக்கலாம் என்பதை அந்த மாநிலச் சட்டமன்றமே முடிவு செய்யும்.

இந்தப் பிரிவுகளுக்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு என்பதை மறுக்க முடியாது. 19ஆம் நூற்றாண்டு மெக்சிகோவில் திருச்சபை பெரும் நிலவுடைமையாளராக இருந்தது. அரசியல் சண்டைகளில் பழமைவாதிகளின் பக்கம் நின்றது. தாராளவாதிகளின் கோபம் வெறுமனே முளைத்ததன்று. ஆனால் ஒன்பது ஆண்டுகள் பெரும்பாலும் ஏட்டிலேயே கிடந்த அந்தப் பிரிவுகளுக்கு 1926இல் உயிர் வந்தபோது, அடி விழுந்தது நிலவுடைமைமீது அன்று. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போகும் கிராமத்துக் கிழவிகள்மீது விழுந்தது.

அந்த ஆண்டு பிப்ரவரியில் பேராயர் ஹோசே மோரா இ தெல் ரியோவின் அரசியலமைப்பு எதிர்ப்புக் கருத்துகள் நாளிதழில் வெளியாயின. குடியரசுத் தலைவர் புளூத்தார்கோ எலியாஸ் காயெஸ் அதைச் சவாலாக எடுத்துக்கொண்டார். ஜூன் 14இல் கையெழுத்தான அவருடைய தண்டனைச் சட்டம் ஜூலை 31இல் அமலுக்கு வந்தது. குரு தன் அங்கியோடு தெருவில் நடந்தால் 500 பெசோ அபராதம். அரசின் சட்டங்களைக் குறை சொன்னால் ஐந்தாண்டுச் சிறை. ஒவ்வொரு குருவும் அரசிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும். தபாஸ்கோ மாநிலத்தில் திருமணமான குருக்களுக்கு மட்டுமே அனுமதி என்று விதித்தார்கள். கத்தோலிக்கக் குருவிடம் அப்படிக் கேட்பது, குருவே வேண்டாம் என்று சொல்வதுதான்.

ஆயர்கள் அதுவரை யாரும் எடுக்காத முடிவை எடுத்தார்கள். சட்டம் அமலாகும் நாளிலிருந்து நாடு முழுவதும் குருக்கள் பொது வழிபாட்டை நிறுத்திவிடுவார்கள் என்று அறிவித்தார்கள். கோயில்கள் திறந்திருந்தன, பீடம் வெறுமையாக இருந்தது. மேற்கு மாநிலங்களில் சில வாரங்களிலேயே விவசாயிகள் ஆயுதம் ஏந்தினார்கள். 1929வரை நீடித்து ஏறத்தாழ 90,000 உயிர்களைக் குடித்ததாக மதிப்பிடப்படும் கிறிஸ்தேரோ போர் அப்படித்தான் தொடங்கியது.

இந்தச் சட்டம் அமலாவதற்குச் சில வாரங்கள் முன்பு, ஜூலை மாதத்தில், ஐரோப்பாவிலிருந்து வந்த கப்பலிலிருந்து வெராகுருஸ் துறைமுகத்தில் நோயாளிக் குரு ஒருவர் இறங்கினார்.

சுரங்க ஊரின் பிள்ளை

மிகேல் புரோ 1891 ஜனவரி 13இல் சகாதேகாஸ் மாநிலத்தின் குவாதலூப்பேயில் பிறந்தவர். தந்தை சுரங்கப் பொறியாளர். பிள்ளைப் பருவம் கழிந்தது கொன்செப்சியோன் தெல் ஓரோ என்ற சுரங்க ஊரில். வீட்டில் வசதி இருந்தது. ஆனால் மண்ணுக்கடியிலிருந்து கரி படிந்த முகத்தோடு ஏறி வரும் தொழிலாளிகளைத் தினமும் பார்த்து வளர்ந்த பையன் அவர். அவர்களுடைய பேச்சும் கேலியும் கடைசிவரை அவர் நாவில் ஒட்டிக்கொண்டிருந்தன.

சிறு வயதில் கடும் காய்ச்சலில் பிழைப்பதே அரிது என்ற நிலையிலிருந்து மீண்டவுடன், அவர் கேட்டது ஒரு கொகோல். மெக்சிகோ அடுமனைகளில் விற்கும், சாய்சதுர வடிவிலான மலிவான இனிப்பு ரொட்டி அது. வீட்டார் வைத்த அந்தச் செல்லப்பெயரை அவர் விடவில்லை. பின்னாளில் போலீஸ் தேடிக்கொண்டிருந்தபோது, தான் எழுதிய கடிதங்களில் அவர் போட்ட கையெழுத்து ‘கொகோல்’.

கிட்டாரும் மாண்டலினும் வாசிப்பார், கேலிச்சித்திரம் வரைவார், எவரைப் போலவும் நடித்துக் காட்டுவார். சகோதரிகள் இருவர் கன்னியர் மடத்தில் சேர்ந்தது அவரை உலுக்கியது. 1911 ஆகஸ்டில் மிச்சோவாகானில் உள்ள எல் யானோ இல்லத்தில் இயேசு சபையின் நவதுறவியாகச் சேர்ந்தார். மூன்றே ஆண்டுகளில் புரட்சிப் படைகள் அந்த இல்லத்தை நெருங்கின. இளந்துறவிகள் சாதாரண உடையில் கலைந்து ஓட வேண்டியதாயிற்று. பிறகு கலிபோர்னியாவில் லாஸ் கேட்டஸ், ஸ்பெயினில் கிரனாதா, நிகராகுவாவில் பள்ளி ஆசிரியர் வேலை, மீண்டும் ஸ்பெயின், கடைசியாக பெல்ஜியத்தின் ஆங்கியென். பதினொரு ஆண்டுகளுக்கும் மேலாக ஊர் ஊராக நாடு கடந்த வாழ்க்கை. இந்த நீண்ட பகுதியைப் பற்றி எழுத நிறைய உண்டு. வழக்குக்குத் தேவையானவை இரண்டு மட்டும்.

ஒன்று, வயிறு. இரைப்பைப் புண் அவரை ஆண்டுக்கணக்கில் அரித்தது. அறுவை சிகிச்சைகள் பல நடந்தும் வலி போகவில்லை. வலி கூடும்போதுதான் அவர் கூடுதலாகச் சிரிக்க வைப்பார் என்பதை உடன் படித்தவர்கள் தாமதமாகத்தான் புரிந்துகொண்டார்கள்.

இரண்டாவது, 1925 ஆகஸ்ட் 31. அன்று ஆங்கியெனில் அவர் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். சடங்கு முடிந்ததும் புதிய குருக்கள் வெளியே காத்திருந்த பெற்றோரிடம் ஓடினார்கள். தாயும் தகப்பனும் மண்டியிட, பிள்ளையின் கையால் முதல் ஆசீர் பெற்றார்கள். மிகேலின் வீட்டார் கடலுக்கு அப்பால் இருந்தார்கள். அவர் தன் அறைக்குப் போனார். குடும்பப் புகைப்படங்கள் எல்லாவற்றையும் எடுத்து மேசைமேல் பரப்பி வைத்தார். அப்பா, அம்மா, சகோதரிகள், தம்பிகள். அந்தப் படங்களின்மேல் சிலுவை வரைந்து ஆசீர்வதித்தார். ஐந்து மாதங்களில், 1926 பிப்ரவரியில், அம்மா இறந்துபோனார். மகனைக் குருவாக அவர் கண்ணால் பார்க்கவே இல்லை.

பெல்ஜியத்தில் அவர் படித்த காலத்திலேயே சார்லருவா பகுதி நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடையே போய்ப் பழகினார். தொழிலாளர் பணிதான் அவர் எதிர்காலம் என்று சபைத் தலைவர்கள் எண்ணியிருந்தார்கள். உடல்நிலை தேறாததால், சொந்த மண்ணிலாவது இருக்கட்டும் என்று ஊருக்கு அனுப்பினார்கள். அனுப்பிய நேரம் அப்படி அமைந்தது.

பதினாறு மாதங்கள்

1926 ஜூலையின் கடைசி நாள்களில் மெக்சிகோ நகரக் கோயில்கள் நிரம்பி வழிந்தன. மாத இறுதியோடு குருக்கள் போய்விடுவார்கள் என்று தெரிந்ததும் மக்கள் ஞானஸ்நானத்துக்கும் திருமணத்துக்கும் பாவசங்கீர்த்தனத்துக்கும் முண்டியடித்தார்கள். புரோ விடியற்காலையிலிருந்து முற்பகல்வரையும், பிறகு மாலையிலிருந்து இரவுவரையும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் உட்கார்ந்தார். அறுவைத் தழும்பு ஆறாத உடம்பு. இரண்டு முறை மயங்கிய நிலையில் அவரைத் தூக்கி வெளியே கொண்டுவந்தார்கள்.

ஆகஸ்டிலிருந்து வேலை வீடுகளுக்கு மாறியது. நகரெங்கும் நம்பிக்கையான வீடுகளைத் தேர்ந்தெடுத்து அவற்றை ‘நற்கருணை நிலையங்கள்’ என்று அழைத்தார். ஒவ்வொரு நாளும் வெவ்வேறு வீடு, வெவ்வேறு நேரம். வழக்கமான நாளில் சுமார் 300 பேருக்கு நற்கருணை கொடுத்தார். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமைகளில் அது பல மடங்காகும். போக்குவரத்துக்கு ஒரு சைக்கிள். சில நாள் மெக்கானிக் உடை, சில நாள் பிச்சைக்காரன் கந்தல், சில நாள் சிகரெட் புகைக்கும் பணக்கார இளைஞனின் கோலம். பிள்ளைப் பருவத்து நடிப்பெல்லாம் இப்போது தொழிலாயிற்று.

அவர் தாமே எழுதிவைத்த நிகழ்ச்சிகளில் ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. ஒரு வீட்டுக்கு நற்கருணை கொடுக்கப் போகிறார். வாசலில் இரண்டு போலீஸ்காரர்கள் காவல் நிற்கிறார்கள். திரும்பி ஓடினால் பிடிபடுவார். நேராக நடந்து போய், வீட்டு எண்ணைப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறார். கோட்டின் ஒரு பக்கத்தைச் சற்று விலக்கி, உள்ளே துப்பறியும் அதிகாரியின் வில்லை இருப்பதுபோல் ஒரு சைகை. “இங்கே பூனை ஒன்று அடைபட்டிருக்கிறது” என்கிறார். ஏதோ மர்மம் ஒளிந்திருக்கிறது என்பதற்கு ஸ்பானிய மொழியில் அப்படித்தான் சொல்வார்கள். போலீஸ்காரர்கள் சல்யூட் அடித்து வழிவிட்டார்கள். உள்ளே இருந்தவர்களுக்குத்தான் உயிர் போய்த் திரும்பியது.

இன்னொரு நாள் பின்தொடர்ந்தவர்களிடமிருந்து தப்ப, தெருமுனையில் எதிர்ப்பட்ட இளம்பெண் ஒருத்தியிடம் கண்ணைக் காட்டி, உதவும்படி தாழ்ந்த குரலில் கேட்டு, அவள் கையைக் கோத்துக்கொண்டு காதலர்போல நடந்து போனார். துரத்தி வந்தவர்கள் ஒரு குருவைத் தேடினார்கள். அவர்கள் கண்ணில் பட்டது ஒரு ஜோடி.

இந்தச் சாகசங்களையே பலரும் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். எனக்கு அவற்றைவிடப் பெரிதாகத் தெரிவது அவர் தூக்கிச் சுமந்த மூட்டைகள். வேலையிழந்த, சிறைப்பட்ட, தலைமறைவான கத்தோலிக்கரின் குடும்பங்கள் பட்டினியில் கிடந்தன. புரோ அரிசி, பீன்ஸ், சர்க்கரை, துணி என்று கிடைத்ததையெல்லாம் கேட்டு வாங்கி வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தார். சேர்த்த வீடுகள் பல பத்து. கையில் காசில்லாமல் இத்தனை பேருக்குச் சோறு போடும் பொறுப்பை எடுத்துக்கொண்டவர், அதே வேகத்தில் சாகப்போகிறவர்களுக்கு அவஸ்தைபூசவும், இரவில் இளைஞர்களுக்குத் தியானம் கொடுக்கவும் ஓடினார்.

1926 டிசம்பர் தொடக்கத்தில் நகரத்தின் மேல் நூற்றுக்கணக்கான பலூன்கள் பறந்து துண்டுப்பிரசுரங்களைக் கொட்டின. சமயச் சுதந்திரப் பாதுகாப்புக்கான தேசியக் கழகத்தின் வேலை அது. போலீஸ் கண்டவரையெல்லாம் பிடித்தது. புரோவும் பிடிபட்டு ஓர் இரவைச் சிறையில் கழித்தார். மறுநாள் விட்டுவிட்டார்கள். யாரைப் பிடித்தோம் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை.

தம்பிகளும் கழகமும்

இந்த இடத்தில் நேர்மையாக நின்று பேச வேண்டும். மிகேல் ஆயுதம் தொட்டவர் அல்லர். போருக்குப் போனவரும் அல்லர். ஆனால் அவருடைய தம்பிகள் உம்பெர்த்தோவும் ரொபெர்த்தோவும் அந்தக் கழகத்தில் தீவிரமாக வேலை செய்தவர்கள். 1925இல் சட்டபூர்வ எதிர்ப்பு இயக்கமாகத் தொடங்கிய கழகம், 1927இல் கிளர்ச்சிக்கு ஆள், பணம், வெடிமருந்து திரட்டும் அமைப்பாகவும் மாறிவிட்டிருந்தது. தலைநகரில் அதன் போர்ப் பிரிவை நடத்தியவர் லூயிஸ் செகூரா வில்சிஸ் என்ற இளம் பொறியாளர். மூன்று சகோதரர்களும் ஒரே வட்டத்தில் புழங்கினார்கள். மிகேல் அந்த இளைஞர்களுக்கு ஆன்ம வழிகாட்டியும்கூட.

இதை மறைத்து எழுதும் பக்திக் கதைகள் அவருக்கு நன்மை செய்யவில்லை என்றே நினைக்கிறேன். ஏனென்றால் அரசு பிடித்துக்கொண்ட நூல் இதுதான்.

1927 நவம்பர் 13, ஞாயிறு. முன்னாள் குடியரசுத் தலைவரும் அடுத்த தேர்தலின் வேட்பாளருமான தளபதி ஆல்வரோ ஒப்ரகோன் சாபுல்தெபெக் பூங்காவில் காரில் போய்க்கொண்டிருந்தார். ஓர் எசெக்ஸ் கார் நெருங்கியது. அதிலிருந்து குண்டுகள் வீசப்பட்டன. ஒப்ரகோனுக்கு லேசான காயம்தான். அன்று மாலையே காளைச் சண்டை பார்க்கப் போனார். பாதுகாவலர்கள் துரத்திச் சுட்டதில் எசெக்ஸில் இருந்த நாஹும் லம்பெர்த்தோ ரூயிஸ் தலையில் குண்டு பட்டு, சில நாள்களில் இறந்தார். ஹுவான் திராதோ என்ற தொழிலாளி பிடிபட்டார். திட்டத்தின் தலைவரான செகூரா வில்சிஸ் தப்பி, ஒப்ரகோன் இருந்த அதே காளைச் சண்டை அரங்குக்குப் போய் ஒப்ரகோனின் கண்ணிலும் பட்டு, தான் வேறிடத்தில் இருந்ததற்கு ஒப்ரகோனையே சாட்சியாக்கிக்கொண்டார்.

அந்த எசெக்ஸ் கார் சில நாள் முன்புவரை உம்பெர்த்தோ புரோவுடையது. விற்றுவிட்ட கார். மூன்று சகோதரர்களுக்கும் தாக்குதலுக்கும் இடையே அரசிடம் இருந்த பொருள்சார்ந்த தொடர்பு அந்தக் கார்தான்.

ஐந்து நாள்கள்

நவம்பர் 18 விடியலில் சகோதரர்கள் மூவரும் ஒளிந்திருந்த வீட்டில் கைது செய்யப்பட்டார்கள். போலீஸ் தலைமையகத்தின் நிலவறையில், ஈரத் தரையில் படுக்க வைக்கப்பட்டார்கள். மிகேல் அங்கேயும் செபமாலை சொல்வித்தார், பாட்டுப் பாடினார், கைதிகளோடு பேசிச் சிரித்தார்.

செகூரா வில்சிஸும் பிடிபட்டார். அவரிடம் கெட்டியான சாட்சி இருந்தது. வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் தப்பியிருக்கலாம். புரோ சகோதரர்கள் சாகப் போகிறார்கள் என்று அறிந்ததும் குற்றத்தைத் தாமே ஒப்புக்கொண்டார். திட்டம் தன்னுடையது, அவர்களுக்கு இதில் பங்கில்லை என்றார். வழக்கின் மையச் சாட்சியம் இது. அதுவும் தன் உயிரைக் கொடுத்துச் சொன்ன சாட்சியம். எந்த நீதிமன்றத்திலாவது இது பதிவாகியிருந்தால், மிகேல்மீதான குற்றச்சாட்டு அன்றே சரிந்திருக்கும்.

ஆகவே நீதிமன்றம் கூடவில்லை. போலீஸ் தலைவர் தளபதி ரொபெர்த்தோ குரூஸ் பல பத்தாண்டுகளுக்குப் பின் ஒரு நேர்காணலில் நடந்ததைச் சொன்னார்: சுட்டுக் கொல்லும்படி காயெஸ் உத்தரவிட்டார், சட்ட வடிவம் ஏதேனும் கொடுக்கலாமே என்று தாம் சொன்னபோது, தமக்கு வடிவம் முக்கியமில்லை, காரியம் நடக்க வேண்டும் என்ற பொருளில் காயெஸ் பதில் சொன்னார். உத்தரவை நிறைவேற்றியவரே தந்த வாக்குமூலம் இது.

இனி அரசியலமைப்பைத் திரும்பப் புரட்டிப் பாருங்கள். எந்த 1917 அரசியலமைப்பின் 130ஆம் பிரிவை எழுத்துக்கு எழுத்து அமல்படுத்துவதாகச் சொல்லி நாட்டைப் போருக்குள் தள்ளினார்களோ, அதே ஏட்டின் 14ஆம் பிரிவு, முன்பே அமைக்கப்பட்ட நீதிமன்றத்தின் விசாரணை இல்லாமல் எவருடைய உயிரையும் பறிக்கலாகாது என்கிறது. 22ஆம் பிரிவு, அரசியல் குற்றங்களுக்கு மரண தண்டனை கூடாது என்கிறது. குரு அங்கி அணிந்தால் 500 பெசோ என்று கணக்குப் பார்த்த அரசு, இந்த இரண்டு பிரிவுகளையும் ஒரு வாய்மொழி உத்தரவால் தாண்டிப் போயிற்று. மிகேல் புரோ சட்டத்தை மீறினார் என்பது உண்மை: பூசை வைத்தார், பாவசங்கீர்த்தனம் கேட்டார். அதற்குச் சட்டத்தில் இருந்தது அபராதமும் சிறையும். துப்பாக்கி எந்தப் பிரிவிலும் இல்லை.

நவம்பர் 23

காலை பத்து மணியைத் தாண்டியதும் நிலவறையில் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். எங்கே போகிறோம் என்று அவரிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. முற்றத்தில் நிருபர்களும் புகைப்படக்காரர்களும் அதிகாரிகளும் நின்றுகொண்டிருந்தார்கள். அரசே அழைத்திருந்தது. பூங்காக் குண்டுவீச்சுக்குப் பின்னால் ஒரு குரு இருந்தார், அவருக்கு இந்த முடிவு கிடைத்தது என்று நாடு பார்க்க வேண்டும். தளபதி குரூஸ் சுருட்டோடு நின்றார்.

அழைத்துச் சென்ற போலீஸ்காரர்களில் ஒருவர் வழியில் தன்னை மன்னிக்கும்படி கேட்டார். மன்னிப்பது மட்டுமல்ல, நன்றியும் சொல்கிறேன் என்றார் புரோ.

படங்களில் தெரிவது ஒரு துப்பாக்கிப் பயிற்சிக் களம். சுவரோரமாக மனித உருவில் வெட்டிய இலக்குப் பலகைகள் நிற்கின்றன. போலீஸார் சுட்டுப் பழகும் பொம்மைகள். அவற்றின் நடுவே, கோட்டும் டையும் அணிந்த ஒல்லியான மனிதர். கடைசி ஆசை என்ன என்று கேட்டார்கள். செபிக்க வேண்டும் என்றார். மண்டியிட்டுக் கைகளை மார்பில் சேர்த்த நிலையில் ஒரு படம் இருக்கிறது. சுற்றி நிற்பவர்கள் காத்திருக்கிறார்கள். அந்த ஒரு படத்தில் மட்டும், அந்த முற்றத்தில் நேரத்தை நடத்துபவர் அவர்தான் என்று தோன்றும்.

எழுந்தார். கண்ணைக் கட்ட வேண்டாம் என்றார். ஒரு கையில் சிலுவையில் அறையுண்ட இயேசுவின் சிறிய சுரூபம், மறு கையில் செபமாலை. இரு கைகளையும் சிலுவைபோல விரித்தார். “கிறிஸ்து அரசர் வாழ்க!” என்று சொன்னார். அந்த முழக்கம் அப்போது மெக்சிகோவில் புதியதன்று. கிறிஸ்து அரசர் திருவிழாவைத் திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் 1925 டிசம்பரில்தான் நிறுவியிருந்தார் என்றாலும், போர்க்களத்திலும் தூக்குமரத்தடியிலும் அது ஏற்கெனவே ஒலித்துக்கொண்டிருந்தது. ஆனால் பெரும்பாலான சாவுகளுக்குக் கேமரா இல்லை.

குண்டுகள் பாய்ந்து விழுந்தும் உயிர் போகவில்லை. ஒரு சிப்பாய் அருகே வந்து கடைசிக் குண்டைச் சுட்டார்.

பிறகு செகூரா வில்சிஸ். பிறகு தம்பி உம்பெர்த்தோ. பிறகு ஹுவான் திராதோ. அடுத்த முறை ரொபெர்த்தோவுடையது. அர்ஜென்டினாவின் தூதர் தலையிட்டதால் அவர் மட்டும் பிழைத்து, நாடு கடத்தப்பட்டார். மரண தண்டனையை நிறுத்தி வைக்கும் நீதிமன்றத் தடை உத்தரவு ஒன்றும் பெறப்பட்டிருந்தது. அதை வாங்கி வந்தவரை உரிய நேரத்தில் உள்ளே விடவில்லை. வாசலில் காகிதம் காத்திருக்க, உள்ளே வேட்டுச் சத்தம் கேட்டது. வழக்கில் சட்டத்தின் பக்கமிருந்து வந்த ஒரே தாள் அது.

படம் செய்த வேலை

மறுநாள் நாளிதழ்களில் படங்கள் வந்தன. கோழையாகச் சாகும் சதிகாரனை எதிர்பார்த்த இடத்தில், கைவிரித்து நிற்கும் குரு. மக்கள் அந்தப் படங்களை வெட்டி எடுத்து, புனிதர் படங்களைப் போலக் கைமாற்றிக்கொண்டார்கள், செபப்புத்தகத்துக்குள் வைத்தார்கள். அரசு விரும்பியது ஓர் எச்சரிக்கை. அதன் சொந்தச் செலவில் வரவழைத்த கேமராக்கள் நாட்டுக்கு ஒரு மறைசாட்சியைக் காட்டிவிட்டன.

சவ அடக்கத்துக்குத் திரண்ட கூட்டம் பல்லாயிரம். பொது இடத்தில் சமயச் சடங்கு நடத்துவதே குற்றம் என்றிருந்த நகரத்தில், தெருவின் இருபுறமும் மக்கள் மலர் வீசிக்கொண்டும், கிறிஸ்து அரசர் வாழ்க என்று முழங்கிக்கொண்டும் தொலோரெஸ் கல்லறைவரை போனார்கள். போலீஸ் கைவைக்கவில்லை. முன்னால் நடந்தவர் ஒரே நாளில் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த அந்தச் சுரங்கப் பொறியாளர்.

தீர்ப்பு என்று ஒன்று சொல்வதானால்

குண்டுவீச்சில் மிகேல் புரோவுக்குப் பங்கு இருந்தது என்று காட்டும் ஆதாரம் அன்றும் எந்த மன்றத்திலும் வைக்கப்படவில்லை, பின்னாளிலும் வெளிப்படவில்லை. செய்தவர் செய்யாதவரைப் பிரித்துச் சொல்லிவிட்டுச் செத்தார். தம்பியின் பழைய கார் அண்ணனின் குற்றமாகாது. கழகத்து இளைஞர்களோடு அவருக்கிருந்த நெருக்கத்தை வைத்து ஐயப்பட ஒருவருக்கு உரிமை உண்டு. ஐயத்தைத் தீர்க்கத்தான் விசாரணை இருக்கிறது. அதை மறுத்தவர்களே அந்த ஐயத்தைத் தங்களுக்குச் சாதகமாகப் பயன்படுத்த முடியாது.

உம்பெர்த்தோவை நினைத்தால் மனம் கனக்கிறது. அவர் அருளாளராக அறிவிக்கப்படவில்லை. கழகப் பொறுப்பாளராக இருந்தவரின் சாவு முழுக்க விசுவாசத்துக்கான சாவா, அரசியலுக்கான சாவா என்று திருச்சபை கேட்பது நியாயமான கேள்வி. ஆனால் விசாரணையின்றிக் கொல்லப்பட்டதில் அண்ணனுக்கும் தம்பிக்கும் வேறுபாடில்லை. குண்டு வீசியதாகப் பிடிபட்ட திராதோவுக்கும், ஒப்புக்கொண்ட செகூரா வில்சிஸுக்கும்கூட நீதிமன்றம் உண்டு என்றுதான் 14ஆம் பிரிவு சொன்னது.

கொலை கொலையைத் தடுக்கவில்லை. புரோ சகோதரர்களின் வட்டத்தை அறிந்திருந்த ஹோசே தெ லெயோன் தொரால் என்ற ஓவியர், 1928 ஜூலை 17இல், தேர்தலில் வென்றிருந்த ஒப்ரகோனை ஓர் உணவகத்தில் சுட்டுக் கொன்றார். அதையும் விசுவாசத்தின் பெயரால்தான் செய்தார். கைவிரித்து நின்று மன்னித்தவரின் பெயரோடு அந்தச் செயலைச் சேர்த்துப் பேசுகிறவர்களை என்னால் ஏற்க முடியவில்லை.

1929 ஜூனில் அரசும் ஆயர்களும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். கோயில்களில் மீண்டும் மணி அடித்தது. சட்டக் கட்டுப்பாடுகள் மட்டும் ஏட்டில் கிடந்தன. 1988 செப்டம்பர் 25இல் இரண்டாம் யோவான் பவுல் புரோவை அருளாளராக அறிவித்தபோதும் அவை நீக்கப்பட்டிருக்கவில்லை. 1992இல்தான் அரசியலமைப்பைத் திருத்தி, திருச்சபைக்குச் சட்ட உருவம் கொடுத்தார்கள். அதே ஆண்டு வத்திக்கானோடு தூதரக உறவும் ஏற்பட்டது. புரோவின் எலும்புகள் இப்போது மெக்சிகோ நகரின் ரோமா பகுதியில், திருக்குடும்ப ஆலயத்தில் இருக்கின்றன. போலீஸ் தலைமையகம் இடிக்கப்பட்டு, அந்த இடத்தில் தேசிய லாட்டரியின் உயர்ந்த கட்டடம் நிற்கிறது.

அவர் அருளாளரான அதே 1988இல் மெக்சிகோ இயேசு சபையார் அவர் பெயரில் ஒரு மனித உரிமை மையம் தொடங்கினார்கள். விசாரணையின்றி அடைக்கப்பட்டவர்கள், சித்திரவதைக்கு உள்ளானவர்கள், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்கள் ஆகியோரின் வழக்குகளை அது நடத்துகிறது. 2006இல் ஆத்தென்கோவில் போலீஸாரால் பாலியல் வதைக்கு உள்ளான பதினோரு பெண்கள் அமெரிக்க நாடுகளிடை மனித உரிமை நீதிமன்றம்வரை போனபோது, அவர்களோடு நின்றது அந்த மையம். 2018இல் அந்த நீதிமன்றம் மெக்சிகோ அரசைப் பொறுப்பாளி என்று தீர்ப்பளித்தது.